ஐந்து நாள் ஆட்கள்: ஃபோர்டு ஆலையின் 1913–14 வெளியேற்றக் கணக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

1913 மார்ச் மாதம், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் ஆலையை விட்டு ஏறத்தாழ 7,300 பேர் போனார்கள். அந்த ஆண்டு ஆலையின் சராசரி ஆள்பலமே 14,000க்குச் சற்றுக் குறைவுதான். ஒரே மாதத்தில் போனவர்களின் எண்ணிக்கை ஆள்பலத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறது.

இந்த 7,300 பேரும் எப்படிப் போனார்கள் என்று ஆலை பிரித்து எழுதி வைத்திருந்தது. நிர்வாகமே நீக்கியவர்கள் சுமார் 18%. முறையாகச் சொல்லி, கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள் சுமார் 11%. மீதி 71% பேர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தகவல் இல்லாமல் தொடர்ந்து ஐந்து நாள் வராதவர் பெயரை அடித்துவிடுவது ஆலை வழக்கம். இவர்களுக்கு அங்கே ‘ஐந்து நாள் ஆட்கள்’ என்றே பெயர். இன்றைய ஹெச்.ஆர். பேச்சில் சொன்னால், ‘அப்ஸ்காண்ட்’ ஆனவர்கள்.

ஹென்றி ஃபோர்டு சம்பளத்தை இரட்டிப்பாக்கினார், ஆட்கள் நின்றுவிட்டார்கள் என்று இந்த வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த ஒரு வரி போதாது என்று தெரியும். எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட எப்படிப் போனார்கள் என்ற பத்திதான் இங்கே வழிகாட்டி. வேலை பிடிக்காமல் போகிறவர், கேள்விக்குப் பதில் சொல்ல மேசைக்கு எதிரே வந்து உட்கார மாட்டார். விலகும்போது நடத்தும் நேர்காணலை மட்டும் நம்பும் நிறுவனம், இந்த மார்ச் மாதக் கணக்கின்படி, போனவர்களில் ஒன்பதில் ஒருவரிடம்தான் காரணம் கேட்டிருக்க முடியும்.

370% என்றால் என்ன

வெளியேற்ற விகிதத்தைக் கணக்கிடுவது எளிது. ஓர் ஆண்டில் வெளியேறியவர்களின் எண்ணிக்கையை அந்த ஆண்டின் சராசரி ஆள்பலத்தால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். ஹைலண்ட் பார்க்கில் 1913க்கு இது 370%. அடுத்த ஆண்டு 54%. 1915இல் 16%.

எளிய கணக்கிலும் தவறு நுழைய மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, மேலே எதைப் போடுவது என்பது. அந்த ஆண்டு ஆலை சுமார் 52,000 பேரை வேலைக்கு எடுத்தது. வெளியேறியவர்களுக்குப் பதிலாக இந்த எண்ணைப் போட்டால் விகிதம் 380ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் ஆலை வளர்ந்ததற்காக எடுத்த புது ஆட்களும் அதில் கலந்திருப்பார்கள். ஓர் ஆண்டு சேர்ந்தவர்களை வைத்தும் மறு ஆண்டு போனவர்களை வைத்தும் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வரும் ‘முன்னேற்றம்’ பொய்யானது.

இரண்டாவது, கீழே எதைப் போடுவது என்பது. ஆண்டு இறுதி ஆள்பலத்தை மட்டும் எடுக்கக் கூடாது. 12 மாதங்களின் மாத இறுதி எண்ணிக்கையைக் கூட்டி 12ஆல் வகுப்பதே பாதுகாப்பானது. ஆட்கள் வேகமாக மாறும் இடத்தில் நாள்வாரி மஸ்டர் ரோலிலிருந்தே (வருகைப் பதிவேட்டிலிருந்தே) சராசரி எடுப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது வாசல்தான் அதிகம் பேரை ஏமாற்றுவது. 370% என்றதும் எல்லா ஆளும் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை மாறினார்கள் என்று படித்துவிடுகிறோம். ஒரு பிரிவில் 100 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 இடங்களில் ஆண்டு முழுக்க அதே ஆட்கள். மீதி 40 இடங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்பது முறைக்கு மேல் ஆள் மாறுகிறார். மொத்தம் 370 வெளியேற்றம். விகிதமும் அதே 370%. இங்கே எல்லோருக்கும் சம்பளம் உயர்த்துவது முதல் மருந்தாகாது. அந்த 40 இடங்களில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஆகவே விகிதத்தோடு இரண்டு பட்டியல்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, எந்த இடத்திலிருந்து, எந்த ஃபோர்மேனின் கீழிருந்து போனார்கள் என்பது. மற்றது, சேர்ந்து எத்தனை நாளில் போனார்கள் என்பது. இரண்டாவது பட்டியலை 7 நாள், 30 நாள், 90 நாள், 180 நாள், அதற்கு மேல் என்று பிரித்தால் போதும். முதல் வாரத்தில் போகிறவர் வேலையைப் பற்றிச் சொல்லப்பட்டதற்கும் உள்ளே பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறார். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறவரின் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். சம்பளம், மேலே போக வழியின்மை, உடல் தாங்காமை என்று அதைத் தேட வேண்டும்.

அசெம்பிளி லைன் வந்த ஆண்டு

1913 சாதாரண ஆண்டு அல்ல. நகரும் அசெம்பிளி லைன் அந்த ஆண்டுதான் ஹைலண்ட் பார்க்கில் பிறந்தது. எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம் மேக்னெட்டோ. ஏப்ரலில் அந்தப் பிரிவில் முதல் சோதனை. அதுவரை ஒரு தொழிலாளி தன் பெஞ்சில் நின்று ஒரு முழு மேக்னெட்டோவையும் தானே பூட்டுவார். அதற்குச் சுமார் 20 நிமிடம். அந்த வேலையை 29 பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருவர் முடித்ததை அடுத்தவர் பக்கம் தள்ளும்படி வரிசையாக நிறுத்தினார்கள். 9 மணி நேரத்தில் 1,188 மேக்னெட்டோ வந்தது. ஆள்கணக்கில் ஒன்றுக்கு 13 நிமிடம் 10 விநாடி. பிறகு வரிசையின் உயரத்தைக் கூட்டி, சங்கிலியால் இழுக்க வைத்தபோது 14 பேர் 8 மணி நேரத்தில் 1,335 செய்தார்கள். ஒன்றுக்கு 5 நிமிடம்.

சங்கிலி வந்ததும் வேகத்தைத் தீர்மானிப்பது கை இல்லை என்றாகிவிட்டது. ஒரு நட்டைப் போடுகிறவர் அதை முறுக்குவதில்லை; முறுக்குகிறவர் அதைப் போடுவதில்லை. கைத்தொழில் தெரிந்தவருக்கு அங்கே தன் திறமையைக் காட்ட இடம் குறைந்தது. தெரியாதவருக்கோ வேலையை ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடிந்தது, அதே வேகத்தில் விட்டுவிட்டு எதிரே உள்ள ஆலைக்குப் போகவும் முடிந்தது. அப்போது டெட்ராய்ட்டில் கார் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. ஃபோர்டு கொடுத்த நாள் கூலி 2.34 டாலர், அதுவும் ஒன்பது மணி நேரத்துக்கு. ஊர் நடப்புக் கூலியை விட அது பெரிதாக உயர்ந்ததல்ல.

வரவின்மையும் இதோடு சேர்ந்தது. நாள்தோறும் ஆள்பலத்தில் 10% பேர் வரவில்லை. 1,300, 1,400 இடங்களுக்கு அன்றன்று காலையில் ஆள் தேட வேண்டும். பெஞ்சில் தனியாக வேலை செய்யும் காலத்தில் ஒருவர் வராவிட்டால் அவர் பங்கு மட்டும் குறையும். வரிசையில் ஒருவர் வராவிட்டால் பின்னால் உள்ள அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே வரவின்மையின் செலவை நாள் கூலியால் பெருக்கிக் கணக்கிடுவது தவறு. அந்த இடம் வரிசையில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிரந்தர ஆள்பலத்தில் 100 பேரைக் கூட்ட 963 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது என்று அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அந்த ஆலையின் மூச்சிரைப்பை இதைவிடத் துல்லியமாக வேறெந்த எண்ணும் காட்டவில்லை.

ஜான் லீ போய்க் கேட்டது

1911இல் ஃபோர்டு வாங்கிய பஃபலோ நகரத்து நிறுவனத்திலிருந்து வந்தவர் ஜான் ஆர். லீ. 1913இல் ஆலையின் ஆள் விவகாரங்களை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் முதலில் கண்ட தடயம் சம்மட்டி எந்திரத்தில் வேலை செய்த ஒருவரின் உற்பத்தி எண். நன்றாகச் செய்துகொண்டிருந்தவரின் எண்ணிக்கை காரணமே தெரியாமல் இறங்கியிருந்தது. எந்திரத்தில் குறையில்லை, இரும்பிலும் குறையில்லை. விசாரித்துப் பார்த்தால் வீட்டில் நோய், தலைக்கு மேல் கடன், அதனால் வந்த அச்சம். அந்தச் சிக்கல்களைத் தீர்த்துவைத்ததும் அவர் எண்ணிக்கை பழைய அளவுக்கு ஏறியது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது வரிசை. எண் முதலில் வந்தது. கேள்வி பிறகு வந்தது. எண் ‘இங்கே ஏதோ நடந்திருக்கிறது’ என்பதோடு நின்றது. காரணத்தைச் சொன்னது ஆள். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆய்வுகள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

லீ தொகுத்த காரணங்கள் ஐந்து: நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, மோசமான குடியிருப்பும் வீட்டுச் சூழலும், சுகாதாரமில்லாத பட்டறைச் சூழல், ஃபோர்மேன்கள் ஆட்களை நடத்திய விதம். ஐந்தாவதே ஒருவேளை மிக முக்கியம் என்று அவரே எழுதினார். அதுவரை எடுக்கவும் நீக்கவும் ஃபோர்மேனுக்கே அதிகாரம் இருந்தது. கூலி விகிதங்களோ 69. ஒரே வேலையைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்யும் இருவர் வேறு வேறு கூலி வாங்கினார்கள். அதற்குக் காரணம் எந்த ஏட்டிலும் இல்லை. ஃபோர்மேனின் மனதில் இருந்தது.

1913 அக்டோபர் 1 அன்று மாற்றம் வந்தது. கூலி சராசரியாக 13% உயர்ந்தது. 69 விகிதங்கள் எட்டாகச் சுருங்கின. குறித்த திறனை அடைந்தவர் அடுத்த படிக்குத் தானாக ஏறினார். ஃபோர்மேன் ஒருவரைத் தன் பிரிவிலிருந்து அனுப்பலாம், ஆலையிலிருந்து அனுப்ப முடியாது. அவரை வேறு பிரிவில் வைத்துப் பார்ப்பது வேலைவாய்ப்புப் பிரிவின் கடமை. தொழிலாளருக்கென ஒரு சேமிப்பு–கடன் சங்கமும் தொடங்கியது. ஐந்து டாலர் அறிவிப்பின் புகழ் இந்த அக்டோபர் சீர்திருத்தத்தை மூடி மறைத்துவிட்டது. என் கணிப்பில் ஆலையின் மிகச் சிறந்த வேலை இதுதான். சம்பளப் பட்டியலில் 69 விகிதங்கள் இருக்கும் இடத்தில் எந்த உயர்வும் நியாயமாகத் தோன்றாது.

ஐந்து டாலர்

1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டும் நிறுவனத்தின் பொருளாளர் ஜேம்ஸ் கூஸன்ஸும் டெட்ராய்ட் பத்திரிகையாளர்களை அழைத்து அறிவித்தார்கள்: நாளுக்கு 5 டாலர், 8 மணி நேரம். இரண்டு ஷிப்ட் மூன்றானது. ஜனவரி 12 முதல் நடைமுறை. மணிக் கணக்கில் பார்த்தால் 26 செண்டாக இருந்தது 62.5 செண்ட் ஆனது, ஏறத்தாழ 2.4 மடங்கு. அறிவிப்பு வந்த மறுநாளே ஆயிரக்கணக்கானோர் வாசலில் கூடினார்கள். 12ஆம் தேதி கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, உறைபனிக் குளிரில் அவர்கள் மீது தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்தார்கள்.

இந்த 5 டாலர் முழுக்கவும் கூலி அல்ல. கடைநிலைத் தொழிலாளிக்கு 2.34 டாலர்தான் கூலி. மீதி 2.66 டாலர் இலாபப் பங்கு. அதற்குத் தகுதி பெற வேண்டும். ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். வயது 22 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர் என்றால் யாரையாவது தாங்குபவராக இருக்க வேண்டும். தொடக்கத்தில் பெண்களுக்கு இது கிடையாது.

பலன் பதிவேட்டில் தெளிவாகத் தெரிகிறது. வெளியேற்றம் 370இலிருந்து 54க்கும், பிறகு 16க்கும் இறங்கியது. வரவின்மை 1914 அக்டோபரில் 2.5%. வாசலில் வேலை கேட்டு நிற்பவர் வரிசை குறையவே இல்லை.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஆள் மாற்றத்தால் வரும் செலவை மிச்சப்படுத்தத்தான் சம்பளம் உயர்ந்தது என்பது பரவலான விளக்கம். முதல் ஆண்டுக்கு ஆலை அறிவித்த இலாபப் பங்கு 1 கோடி டாலர். வெளியேறியவர்கள் சுமார் 50,000. ஒவ்வொரு வெளியேற்றமும் 200 டாலர் நட்டம் தந்திருந்தால்தான் கணக்கு நேராகும். 200 டாலர் என்பது பழைய நாள் கூலியில் 85 நாள். ஒரு நாளில் கற்றுக்கொள்ளும் வேலைக்கு ஆளைப் பழக்க 85 நாள் கூலி செலவாகாது. பொருளியலாளர்கள் டேனியல் ராஃப், லாரன்ஸ் சம்மர்ஸ் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடத்தைத்தான் கிண்டினார்கள். பழக்கும் செலவு சிறியது, ஆகவே ஆள் மாற்றம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேலையில் வேகமும் ஒழுங்கும் கூடி உற்பத்தி ஏறியதும் சேர்ந்தே அந்தச் சம்பளத்தைத் தாங்கியது என்பது அவர்கள் முடிவு.

நம் அலுவலகங்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சம்பள உயர்வுக்கு ஆகும் மொத்தத்தை, குறையும் என்று எதிர்பார்க்கும் வெளியேற்ற எண்ணிக்கையால் வகுங்கள். வரும் தொகை, ஒருவர் போவதால் உண்மையில் ஆகும் செலவைவிட மிகப் பெரிதாக இருந்தால் இரண்டில் ஒன்று: உயர்வுக்கு வேறு பலனும் இருக்க வேண்டும், அல்லது உயர்வு தவறான மருந்து.

எது எதனால்

இந்த நிகழ்வின் பெரிய குறை ஆய்வு முறையில் இருக்கிறது. அக்டோபர் 1க்கும் ஜனவரி 12க்கும் இடையே 103 நாள்தான். ஃபோர்மேன் அதிகாரம், கூலிப் படிகள், 13% உயர்வு, நேரக் குறைப்பு, இலாபப் பங்கு எல்லாம் ஒரே ஆலை முழுக்க வந்துவிட்டன. போதாததற்கு 1913–14 குளிர்காலத்தில் அமெரிக்காவில் தொழில் மந்தம். வேறு இடத்தில் வேலை கிடைக்காத காலத்தில் யாரும் இருக்கிற வேலையை விட மாட்டார்கள். 370இலிருந்து 54க்கு வந்த இறக்கத்தில் ஐந்து டாலரின் பங்கு இவ்வளவு என்று ஆண்டுக் கணக்கை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிக்க வழி இருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதவாரி எண்ணைத் தனியே எடுத்து, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் முதல் சீர்திருத்தத்தின் பங்கு ஓரளவு தெரியும். புதிதாகச் செய்பவர்கள் இன்னும் நன்றாகச் செய்யலாம்: மாற்றத்தை ஒரு பிரிவில் தொடங்கி, மூன்று மாதம் கழித்து அடுத்த பிரிவுக்குக் கொண்டுபோனால், காத்திருக்கும் பிரிவே ஒப்பீட்டுக்கு உதவும். ஊரில் வேலை கிடைப்பது இறுகினால் அது இரண்டு பிரிவையும் ஒன்றுபோலத் தொடும். மாற்றத்தின் பலன் ஒன்றில் மட்டும் தெரியும்.

ஆறு மாத விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இலாபப் பங்கு வாங்குவோர் குறைவாக விலகுகிறார்கள், வாங்காதோர் அதிகம் விலகுகிறார்கள் என்று அட்டவணை போட்டால் பங்கு வேலை செய்ததாகத் தோன்றும். ஆனால் ஆறு மாதம் தாங்கியவர்கள் பங்கு இல்லாவிட்டாலும் நின்றிருக்கக்கூடியவர்கள். ஒப்பிட வேண்டியது, திட்டத்துக்கு முன்பு ஆறு மாதம் முடித்தவர்களோடு திட்டத்துக்குப் பின்பு ஆறு மாதம் முடித்தவர்களை. போனஸ், நிலைப்பு ஊக்கத்தொகை பற்றிய அறிக்கைகளில் இந்தப் பிழை இன்றும் சர்வ சாதாரணம்.

வீட்டுக்குள் போன ஏடு

பங்குக்குத் தகுதியானவர் யார் என்று பார்க்க ஆலை ‘சமூகவியல் பிரிவு’ ஒன்றைத் திறந்தது. லீ அதன் தலைவர். 1915இல் சாமுவேல் மார்க்விஸ் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பாளரோடு வீடு வீடாகப் போனார்கள். 1914இல் தொழிலாளரில் 71% பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். திருமணம், மதம், சேமிப்பு, கடன், வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு அட்டையில் எழுதினார்கள். அட்டை சரியில்லை என்றால் பங்கு நின்றது. சம்மட்டிக்காரரிடம் உதவும் எண்ணத்தோடு கேட்ட கேள்வி இப்போது சம்பளத்தைப் பிடிக்கும் கேள்வியானது. பதிலைப் பொறுத்துப் பாதிச் சம்பளம் போகும் என்றால் அந்த அட்டையில் வரும் விவரத்தை நம்பவும் முடியாது.

அறிவிப்பு வந்த அதே ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் தங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட வேலைக்கு வரவில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம் பேரை ஆலை நீக்கியது.   அடுத்த ஆண்டு நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்து ஈடுகட்டியிருக்கக்கூடிய வரவின்மை அது.

ஊக்கத்தைப் பற்றிய மிக நேர்மையான தரவு ஆய்வாளர் அட்டைகளில் இல்லை. அது 1914 ஜனவரியில் ஒரு தொழிலாளியின் மனைவி பெயர் போடாமல் ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுகிறார், இரவுச் சாப்பாடு கூடச் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு அலுப்பு என்று எழுதினார். சங்கிலி முறை ஆளை அடிமையாக ஓட்டுகிறது, இதற்கு ஏதாவது வழி செய்யக் கூடாதா என்று கேட்டார். ஐந்து டாலர் பெரிய வரம் என்றும், அதற்கு ஈடான உழைப்பை அவர்கள் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். வெளியேற்ற விகிதம் 16க்கு வந்த ஆண்டிலும் சங்கிலி நிற்கவில்லை. ஆள் நிற்பதை வைத்து அவர் மனம் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு உற்பத்திக் குறை, விபத்து, தாமத வருகை, இடமாற்றம் கேட்டு வரும் மனுக்கள் இவற்றையும் அதே தாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1919இல் ஃபோர்டு நாள் சம்பளத்தை 6 டாலராக்கினார். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் அமெரிக்காவில் விலைவாசி 70%க்கு மேல் ஏறியிருந்தது. 1914 விலையில் அந்த 6 டாலரின் மதிப்பு ஏறத்தாழ 3.5 டாலர். ஏட்டில் ஏறிய எண், கடையில் இறங்கிவிட்டது. ஆகவே சம்பளப் பத்திக்குப் பக்கத்தில் விலைவாசிக் குறியீட்டால் வகுத்த இன்னொரு பத்தியும், அதே ஊரில் அதே வேலைக்கு மற்றவர்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு ஒரு பத்தியும் போட்டு, காலாண்டுக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும். வெளியேற்றம் திரும்ப ஏறத் தொடங்கும் மாதத்தில் முதலில் பார்க்க வேண்டியவை அந்த இரண்டு பத்திகளும், சொல்லாமல் போனவர்களின் எண்ணிக்கையும்தான்.